அலை வந்தால் அளவுகோலும் நீளாதா?

(சிவில் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவி)

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டிலும், லூசியானா மாநிலத்து லிவிங்ஸ்டனிலும் இரண்டு விசித்திரமான கட்டடங்கள் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் நம் தமிழ் எழுத்து ‘ட’ மாதிரி தெரியும். ஒவ்வொரு கையும் 4 கி.மீ. நீளம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 3000 கி.மீ. தூரம். இந்த நிலையத்துக்கு லைகோ என்று பெயர். இங்கே எந்தப் பொருளும் தயாராவதில்லை. “இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நீளத்தில் வித்தியாசம் வந்ததா?” என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இதன் வேலை!

டிப்ளமோ மாணவிக்கு இந்தப் பெரிய விஷயமெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். சங்கிலியும் டேப்பும் பிடித்து அளப்பது சிவில் மாணவர்களுக்குத் தினசரிப் பாடம். உலகத்திலேயே நுட்பமான அளவை எப்படி எடுக்கிறார்கள் என்று நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது? எனக்குப் புரிந்த வரையில் எளிமையாகச் சொல்கிறேன்.

ஈர்ப்பு அலை என்றால் என்ன?

ஒரு பொருள் இன்னொரு பொருளைக் கயிறு கட்டி இழுப்பது போன்றதுதான் ஈர்ப்பு என்று பள்ளியில் நினைத்திருப்போம். 1915-ல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட பொதுச் சார்பியல் கொள்கை வேறு மாதிரி சொல்கிறது. நிறையுள்ள பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைக்கிறது. அந்த வளைவில்தான் மற்றப் பொருள்கள் நகர்கின்றன.

பெரிய நிறைகள் வேகமாகச் சுற்றினால் இந்த வளைவு ஒரே இடத்தில் நிற்காது. குளத்தில் கல் எறிந்தால் வட்டம் வட்டமாகப் பரவுவது போல நாலாபக்கமும் ஒளியின் வேகத்தில் பரவும். இதுவே ஈர்ப்பு அலை. 1916-ல் இதை முன்கூட்டிச் சொன்னவரும் ஐன்ஸ்டைன்தான். ஆனால் 1936-ல் அவருக்கே இந்த அலைகள் உண்மைதானா என்று சந்தேகம் வந்து, பிறகு தெளிந்தார். அவ்வளவு சிக்கலான விஷயம் இது!

அலை வந்தால் என்ன நடக்கும்? ஒரு ரப்பர் வளையலை மேசைமேல் வைத்து இரண்டு பக்கமும் லேசாக அமுக்குங்கள். ஒரு திசையில் சுருங்கி, மறு திசையில் நீண்டு முட்டை வடிவமாகும். தலைக்கு நேர் மேலிருந்து வரும் ஈர்ப்பு அலையும் அப்படித்தான் செய்கிறது. கிழக்கு மேற்காக நீளும்போது வடக்கு தெற்காகச் சுருங்கும். அடுத்த அரை அலையில் இது தலைகீழாகும். ‘ட’ வடிவம் எதற்கு என்று இப்போது புரிகிறதா? ஒரு கை நீளும்போது மறு கை சுருங்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அலை வந்தது தெரிந்துவிடும்.

எவ்வளவு மாறும்?

2015-ல் முதன்முதலில் பிடிபட்ட அலை, நீளத்தை மாற்றிய விகிதம் உச்சத்தில் 10⁻²¹. அதாவது ஒன்றின் கீழ் ஒன்றுக்குப் பக்கத்தில் 21 சுழி! 4 கி.மீ. கைகளில் இது 4×10⁻¹⁸ மீட்டர் வித்தியாசம்.

நம் ஒர்க்‌ஷாப் மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. அந்த 0.01 மி.மீ.-ஐ இரண்டரை லட்சம் கோடி பங்கு போட்டு, அதில் ஒரு பங்கை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் இந்த வித்தியாசம். அணுவின் கருவில் இருக்கும் புரோட்டானின் குறுக்களவில் சுமார் 400-ல் ஒரு பங்கு.

கருவியின் அமைப்பு

அடிப்படைக் கருவி பழையதுதான். ஆல்பர்ட் மைக்கேல்சன் 1881-ல் உருவாக்கி, 1887-ல் எட்வர்ட் மார்லியுடன் சேர்ந்து புகழ்பெற்ற சோதனைக்குப் பயன்படுத்திய குறுக்கீட்டுமானி.

‘ட’வின் மூலையில் ஓர் ஒளிபிரிப்பான் கண்ணாடி சாய்வாக நிற்கும். லேசர் ஒளி அதில் பட்டதும் பாதி ஒரு கைக்குள்ளும், மீதி மறு கைக்குள்ளும் போகும். இரண்டு கோடியிலும் உள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, மூலையில் மறுபடி சேரும். ஒரு கற்றையின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் ஒன்றாக விழுந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அங்கே இருட்டு. வெளியேறும் வாசலில் ஏறக்குறைய இருட்டாக இருக்கும்படி கைகளைச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். ஒரு கை சற்று நீண்டு மறு கை சுருங்கினால் முகடும் பள்ளமும் சரியாகப் பொருந்தாது. கொஞ்சம் ஒளி கசியும். அந்தக் கசிவை ஒளி உணரி பதிவு செய்யும்.

இதுவரை எளிது. இனிதான் சிக்கல்.

எங்கள் அப்பா கேட்ட கேள்வி

எங்கள் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். நான் படிப்பதை வீட்டில் சொல்லச் சொல்லி அப்பா கேட்பார். இந்தக் கருவியைப் பற்றி அவருடைய டேப்பையே கையில் வைத்துக்கொண்டு விளக்கினேன். முழுசும் கேட்டுவிட்டு அவர் கேட்டது இது:

“ஏம்மா, இடமே நீளுதுன்னு சொல்றே. அப்போ அதுல கெடக்குற டேப்பும் கூடவே நீளும்தானே? அப்புறம் நீளுச்சுன்னு எதை வெச்சுக் கண்டுபிடிப்பாங்க?”

என்னிடம் பதில் இல்லை. ‘ஒளியால் அளக்கிறார்கள்’ என்று சொன்னாலும் அதே கேள்விதான் வரும். வெளி நீண்டால் அதற்குள் இருக்கும் ஒளியின் அலைநீளமும் நீளாதா? கையும் நீண்டு, அளக்கிற அலையும் நீண்டால் எண்ணிக்கை மாறவே மாறாதே! இது சரி என்றால் இத்தனை பெரிய கட்டடமும் வீண்.

சர்வே பாடத்தில் டேப்புக்கு வெப்பத் திருத்தம் போடுகிறோம் இல்லையா? 30 மீட்டர் இரும்பு டேப், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 3.6 மி.மீ. நீளும். அங்கே டேப் மட்டும் நீள்கிறது, நிலம் அப்படியே இருக்கிறது. அதனால் திருத்தம் போட முடிகிறது. இங்கே நிலமும் டேப்பும் சேர்ந்து நீண்டால் திருத்தத்துக்கு இடமே இல்லை.

மறுநாள் எங்கள் சர்வே சாரிடம் கேட்டேன். சார் உடனே பதில் சொல்லவில்லை. “உங்க அப்பா கேட்டது சரியான கேள்வி. நம்ம டோட்டல் ஸ்டேஷன் தூரத்தை எப்படி அளக்குதுன்னு யோசிச்சுட்டு வா” என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த சாவி. டோட்டல் ஸ்டேஷன் எந்த அளவுகோலையும் நிலத்தில் விரிப்பதில்லை. ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும்போது எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கிறது. அதாவது, அது டேப் பிடிக்கவில்லை, கடிகாரம் பார்க்கிறது!

பஸ் கணக்கு

இதை நன்றாகப் புரிந்துகொள்ள நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பஸ் நிலையம். கிழக்கே 10 கி.மீ.-ல் ஓர் ஊர். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது. எங்கும் நிற்காமல் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போய், உடனே திரும்பி வருகிறது. போக வர 20 கி.மீ.; சரியாக 40 நிமிடம்.

காலை மணி 8:00. திடீரென்று சாலை முழுவதும் ஒரே சீராக 100-க்கு 1 வீதம் நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 கி.மீ. இப்போது 10 கி.மீ. 100 மீட்டர். பஸ்களின் வேகம் மட்டும் மாறவில்லை, ஏனென்றால் ஒளியின் வேகம் மாறாது. என்ன ஆகும்?

7:20-க்குக் கிளம்பிய பஸ்: அந்த நொடியில் நிலையத்துக்குள் நுழைகிறது. தாமதம் இல்லை.
7:30 பஸ்: மீதி 5 கி.மீ.-ல் 50 மீட்டர் கூடியது. 6 விநாடி தாமதம்.
7:40 பஸ்: கோடியில் திரும்புகிறது. 100 மீட்டர் கூடுதல். 12 விநாடி தாமதம்.
7:50 பஸ்: 150 மீட்டர் கூடுதல். 18 விநாடி தாமதம்.
8:00 பஸ்: இப்போதுதான் கிளம்புகிறது. 200 மீட்டர் கூடுதல். 24 விநாடி தாமதம்.
8:10 பஸ்ஸும் அதற்குப் பின் வருபவையும்: எல்லாம் 24 விநாடி தாமதம்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அப்பா சொன்னது சரி! சாலை நீண்டபோது பஸ்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் நீண்டது. அதனால்தான் 8 மணி முதல் 8:40 வரை பஸ்கள் 10 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடம் 6 விநாடிக்கு ஒன்றாக வருகின்றன. அலைநீளம் நீள்வது என்பது இதுதான்.

இரண்டாவது, சாலை நீண்ட அந்த நொடியில் சாலையில் எத்தனை பஸ் என்று எண்ணினால் பழைய எண்ணிக்கையே வரும். டேப் பிடித்துப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

மூன்றாவதுதான் முக்கியம். புதிய பஸ்கள் நிலையத்தின் கடிகாரப்படி அதே 10 நிமிட இடைவெளியில், அதே வேகத்தில் கிளம்புகின்றன. அவற்றை யாரும் நீட்டவில்லை. அவை போய்வர வேண்டிய சாலைதான் நீண்டிருக்கிறது. ஆகவே தாமதமாகத்தான் வந்தாக வேண்டும்.

வடக்கே இதே மாதிரி இன்னொரு சாலை 100-க்கு 1 வீதம் சுருங்கினால், அந்தப் பக்கத்துப் பஸ்கள் 24 விநாடி முன்னதாக வரும். வழக்கமாக இரண்டு பக்கத்துப் பஸ்களும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும். இன்று 48 விநாடி வித்தியாசம். நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவருக்குக்கூடத் தெரிந்துவிடும்!

லைகோவில் பஸ் நிலையம் என்பது மூலையில் உள்ள கண்ணாடி. பஸ்கள் என்பவை ஒளியின் முகடுகள். கடிகாரம் என்பது லேசர். அதன் ஒளி 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு. ஒரு விநாடிக்கு சுமார் 2.8 கோடி கோடி முகடுகள் கிளம்புகின்றன. 8 கி.மீ. போய்த் திரும்ப ஒளிக்கு வெறும் 27 மைக்ரோ விநாடிதான். விநாடிக்கு 100 முறை அதிரும் ஈர்ப்பு அலை ஒருமுறை நீட்டிச் சுருக்கவோ 10,000 மைக்ரோ விநாடி ஆகிறது. அதற்குள் நீட்டப்பட்ட பழைய ஒளி வெளியே போய், புதிய ஒளி உள்ளே வந்து, மறுபடி மறுபடி மாறிக்கொண்டே இருக்கும். ஆக, அளவுகோலும் நீள்கிறது என்பது உண்மை. ஆனால் ஓயாமல் புது அளவுகோல் வந்துகொண்டே இருக்கிறது என்பதும் உண்மை.

கண்ணாடியை ஏன் தொங்கவிட வேண்டும்?

இரும்புக் கம்பி ஒன்றைத் தரையில் போட்டால் அது ஈர்ப்பு அலையோடு சேர்ந்து முழுவதுமாக நீளாது. அதன் அணுக்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து நீட்சியை எதிர்க்கும். ஆகவே இரண்டு கண்ணாடிகளையும் ஒரே இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கினால் பயன் இல்லை. அவை சுதந்திரமாக இருக்க வேண்டும்.

இதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு கொத்தனார்களின் தூக்குக் குண்டுதான்! நூலில் குண்டைத் தொங்கவிட்டு, மேலே பிடித்த கையை மெதுவாக ஆட்டினால் குண்டும் கூட வரும். கையை விறுவிறுவென்று ஆட்டினால் குண்டு அசையாமல் நிற்கும். லைகோவில் 40 கிலோ எடையுள்ள கண்ணாடி, நான்கு அடுக்கு ஊசல்களில் கடைசி அடுக்காகத் தொங்குகிறது. கடைசியில் தாங்குவது 0.4 மி.மீ. பருமனுள்ள சிலிக்கா இழைகள். தரையின் அதிர்வு ஒவ்வொரு அடுக்கிலும் குறைந்துகொண்டே வருகிறது. அதே சமயம், வேகமாக ஆடும் ஈர்ப்பு அலைக்குக் கண்ணாடி கட்டுப்பாடு இல்லாத பொருள் போலவே நடந்துகொள்கிறது. ஒரே தொங்கலில் இரண்டு பயன்.

“கண்ணாடியின் அணுக்களே அதைவிட அதிகமாக ஆடுமே?” என்று கேட்கலாம். ஆடத்தான் செய்யும். ஆனால் ஒளிக்கற்றை பல சென்டிமீட்டர் அகலத்தில் எண்ணற்ற அணுக்கள்மேல் படுகிறது. ஒன்று முன்னால் ஆடினால் ஒன்று பின்னால் ஆடும். கிடைப்பது சராசரி.

ஒரு தடவை போதாது, ஓராயிரமும் கூடாது

8 கி.மீ. பயணம் இவ்வளவு சின்ன மாற்றத்துக்குப் போதாது. அதனால் கையின் தொடக்கத்தில் இன்னொரு கண்ணாடி வைத்து, ஒளியை சுமார் 300 தடவை போக வர வைக்கிறார்கள். தாமதம் ஒவ்வொரு தடவையும் சேர்ந்துகொண்டே போகும். ஒளியின் ஆற்றலும் கைக்குள் பெருகும். 2015-ல் இது ஏறத்தாழ 100 கிலோவாட்.

அப்படியானால் பத்தாயிரம் தடவை விட்டால் இன்னும் நல்லதுதானே? இல்லை! பஸ் கணக்குக்கே திரும்புங்கள். ஒரு பஸ் சாலையில் இருக்கும் 40 நிமிடத்தில் முதல் 20 நிமிடம் சாலை நீண்டும், அடுத்த 20 நிமிடம் அதே அளவு சுருங்கியும் இருந்தால், கூடியதும் குறைந்ததும் சரியாகிவிடும். தாமதமே தெரியாது. ஒளி உள்ளே அதிக நேரம் தங்கினாலும் இதே கதிதான். எனவே எந்த அலையைப் பிடிக்க வேண்டுமோ அதற்கு ஏற்றபடி தங்கும் நேரத்தை அமைக்க வேண்டும்.

சிவில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. ஒளி செல்லும் குழாய் 1.2 மீட்டர் விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகு. அதற்குள் காற்று இருந்தால் ஒளி தடுமாறும் என்பதால், உறிஞ்சி வெற்றிடமாக்கவே 40 நாட்கள் ஆயின. குழாயை ரசமட்டம் வைத்துப் பதித்தால் அது பூமியின் வளைவோடு வளைந்துவிடும். ஒளியோ நேராகப் போகும். 4 கி.மீ.-ல் இந்த வளைவு ஒரு மீட்டருக்கும் மேல். அதைக் கணக்கிட்டுத்தான் கான்கிரீட் தளத்தைப் போட்டார்கள்.

2015 செப்டம்பர் 14

அன்று இந்திய நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடத்துக்கு முதலில் லிவிங்ஸ்டனிலும், சுமார் 7 மில்லி விநாடி கழித்து ஹான்ஃபோர்டிலும் ஒரே மாதிரி அதிர்வு பதிவானது. 35 ஹெர்ட்ஸில் தொடங்கி 250 ஹெர்ட்ஸ் வரை ஏறி, 0.2 விநாடியில் முடிந்துவிட்டது. ஒரு நிலையத்தில் மட்டும் வந்திருந்தால் லாரி போன அதிர்வு என்றுகூடச் சந்தேகிக்கலாம். 3000 கி.மீ. தள்ளி இருக்கும் இரண்டிலும் ஒரே வடிவம்! அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு 10 மில்லி விநாடி ஆகும். 7 என்பது அதற்குள் அடங்குகிறது.

சூரியனைப் போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் சுற்றிச் சுற்றி வந்து ஒன்றாகின. கூட்டினால் 65 வர வேண்டும். மிஞ்சியது 62. மீதி 3 சூரிய நிறையும் ஈர்ப்பு அலையாகப் பரவிவிட்டது. அது நடந்தது சுமார் 130 கோடி ஒளியாண்டு தூரத்தில். 2016 பிப்ரவரி 11-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். 2017-ல் ரெய்னர் வைஸ், பேரி பேரிஷ், கிப் தோர்ன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இவர்களில் ரெய்னர் வைஸ் பற்றிப் படித்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அவர் எம்.ஐ.டி.-யில் படிப்பைப் பாதியில் விட்டவர். அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்து, பிறகு மீண்டும் படித்துப் பட்டம் பெற்றார். ஆசிரியரான பின் வகுப்பில் மாணவர்கள் ஈர்ப்பு அலையை அளப்பது பற்றிக் கேட்க, அதற்கு எளிய விடை தேடப் போய்த்தான் இந்தக் கருவியின் யோசனை அவருக்கு வந்தது. 1972-ல் எந்தெந்த அதிர்வு எப்படியெல்லாம் தொந்தரவு தரும் என்று விரிவான அறிக்கையே எழுதினார்.

நம் நாட்டில்

மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் அவுந்தா நாகநாத் அருகே லைகோ-இந்தியா நிலையம் அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதற்கும் 4 கி.மீ. கைகள்தான். பூமியின் வேறு பக்கத்தில் இன்னொரு நிலையம் இருந்தால், அலை எங்கே முதலில் வந்தது, எங்கே பிறகு வந்தது என்று பார்த்து, அது வானத்தில் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.

இப்படிப்பட்ட நிலையத்தில் தளம் போடவும், மட்டம் பார்க்கவும், குழாயை வெல்டிங் செய்யவும், பம்புகளைக் கவனிக்கவும், மின்சுற்றுகளைச் சரிபார்க்கவும் ஆட்கள் வேண்டும். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று நம் கல்லூரியின் எந்தப் பிரிவுக்கும் அங்கே வேலை உண்டு. அது நமக்கு எட்டாத உலகம் இல்லை, நண்பர்களே!

இறுதியாக, வாசகர்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன கிழக்குச் சாலை 8:00 மணிக்கு நீண்டு, 8:20-க்கு மறுபடி பழைய 10 கி.மீ.-க்கே சுருங்கிவிடுகிறது. 7:50-க்குக் கிளம்பிய பஸ் எத்தனை விநாடி தாமதமாக வரும்? போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 12 விநாடி என்று வந்தால், லைகோ எப்படி அளக்கிறது என்பது உங்களுக்குப் புரிந்துவிட்டது.